வல்லூறுக்குக் குடக்கூலி இல்லை

அழிந்துகொண்டு வரும் சின்ன வல்லூறுகளைக் காப்பாற்றியே தீருவது என்று நான் முடிவெடுத்தபோது, வல்லூறைப் பற்றி எனக்கு ஒன்றுமே தெரியாது. தூக்கத்தைப் பற்றி நன்றாகத் தெரியும்.

எங்கள் மகளுக்குப் பல் முளைக்கிறது. ஒரே ஒரு பல். அதற்கே வீடு இரண்டுபட்டுவிட்டது. வாரமெல்லாம் தானியக் கிடங்கில் மூட்டைகளோடு மல்லுக்கட்டிவிட்டு, ஞாயிறு மதியம் கண்ணை மூடினால் காதருகே சைரன். என் மனைவிக்கு எல்லா நாளும் அதே சைரன்தான் என்பது ஏனோ என் புத்தியில் உறைக்கவில்லை.

அப்போதுதான் பறவைச் சங்கத்து அக்கா வீடு வீடாக வந்தார்.

"பொந்து இருந்த பழைய மரத்தையெல்லாம் வெட்டிட்டாங்க சார். இதுங்களுக்குச் சொந்தமா கூடு கட்டவும் தெரியாது. எங்க போய் முட்டையிடும்? வயலைப் பாத்த சுவரா இருந்தா ஒரு கூட்டுப்பெட்டி மாட்டிடலாம்."

எங்கள் மாடி அறை ஜன்னல் வயலைப் பார்த்தது. அந்த அறையில் ஒரு கட்டில், ஒரு ஃபேன், உள்தாழ்ப்பாள் வைத்த ஒரு கதவு. எனக்குப் பறவைப் பாசம் பொங்கி வழிந்தது.

ஜன்னலை ஒட்டி அக்கா பெட்டியை மாட்டினார். முன்பக்கம் பாதி திறந்த மரப்பெட்டி. உள்ளே மெத்தை மாதிரி மரச்சுருள். "பெட்டியைத் தொடாதீங்க. உள்ளயிருந்து அமைதியா பாருங்க," என்று சொல்லிவிட்டு ஏணியைத் தூக்கிக்கொண்டு போனார்.

அவர் சொன்னது அவ்வளவுதான். மீதியை நான் சொன்னேன்.

"ஒரே ஆள்தான் பாக்கணும். புது முகத்தைப் பாத்தா முட்டைய அப்படியே விட்டுட்டுப் போயிடும்."

"அய்யய்யோ!" என்றாள் மனைவி.

"குழந்தை அழுற சத்தம் மேல வரவே கூடாது."

"சரிங்க."

"பாக்கறவங்க படுத்துக்கிட்டே பாக்கணும்."

"படுத்துக்கிட்டா?"

"பின்னே? நின்னா நிழல் விழும்."

தக்காளிக்காரரிடம்கூட எதிர்க்கேள்வி கேட்காமல் தக்காளி வாங்காதவள், அன்று எல்லாவற்றுக்கும் தலையாட்டினாள். அப்போதே நான் உஷாராகியிருக்க வேண்டும்.

பெட்டி சில வாரம் காலியாகவே கிடந்தது. ஒரு மாலை நான் வேலையிலிருந்து திரும்பியபோது அவள் வாசலுக்கே ஓடிவந்தாள்.

"ஏங்க, வந்துடுச்சு! புறா அளவுதான் இருக்கு. ஆனா என்ன மிடுக்கு! பொட்டை உள்ளயே உக்காந்திருக்கு. முட்டை போட்டிருக்குங்க!"

குழந்தை பிறந்ததிலிருந்து அவள் முகத்தில் அப்படி ஒரு வெளிச்சத்தை நான் பார்க்கவில்லை. எனக்கும் நிஜமாகவே சந்தோஷமாகத்தான் இருந்தது. கூடவே, ஞாயிற்றுக்கிழமை வருகிறதே!

வந்தது. சாப்பிட்டு முடித்து, தலையணையை அக்குளில் இடுக்கிக்கொண்டு மாடியேறினேன். கதவு உள்தாழ்ப்பாள் போட்டிருந்தது.

"தட்டாதீங்க! மிரண்டுடும்," என்று உள்ளிருந்து கிசுகிசுப்பு.

"நீ என்ன பண்றே உள்ள?"

"படுத்துக்கிட்டுப் பாக்கறேன்."

"இன்னைக்கு என் முறைம்மா!"

"நீங்க வேலைக்குப் போற நாள்ல பாப்பா கண்ணசந்தா நான்தானே ஓடிவந்து பாத்தேன்? அதுக்கு என் முகம் பழகிடுச்சு. உங்க முகம் புதுசுங்க."

"அது... அவ்வளவு கண்டிப்பெல்லாம் இல்ல..."

"நீங்கதானே சொன்னீங்க? முட்டைய விட்டுட்டுப் போயிட்டா அந்தப் பாவம் யாருக்கு?"

கீழே சைரன் கிளம்பியது.

"ஓடுங்க, ஓடுங்க! அந்தச் சத்தம் மேல வரக்கூடாது!"

மதியம் முழுக்க மகளைத் தோளில் போட்டுக்கொண்டு சமையலறைக்கும் வாசலுக்கும் நடந்தேன். ஒரே ஒரு பல்லுக்கு எத்தனை அழுகை! இதைத்தான் இவள் தினமும் தூக்கிச் சுமக்கிறாளா? விளக்கு வைக்கிற நேரத்தில் இறங்கி வந்தாள். கன்னத்தில் தலையணை மடிப்பு பதிந்திருந்தது. கண்ணுக்குக் கீழே இருந்த கருமை கொஞ்சம் வெளுத்திருந்தது. கோபப்பட நினைத்தேன். வரவில்லை.

அடுத்த ஞாயிறு, மகளை இடுப்பில் வைத்துக்கொண்டு, நானே கிளறிய உப்புமாவோடு மாடியேறி மெதுவாகக் கூப்பிட்டேன். கதவு ஒரு சாண் திறந்தது. தட்டு உள்ளே போனது.

"ஏம்மா, ஒரு உண்மையைச் சொல்லிடறேன். அந்த முகம் பழகற கதையெல்லாம் நானா சொன்னது."

"தெரியும். அன்னைக்கே அக்காகிட்ட கேட்டுட்டேன்."

அந்த நேரம், கதவிடுக்கில் தெரிந்த ஜன்னலுக்கு வெளியே ஆண் வல்லூறு ஒரு எலியோடு வந்து பெட்டி விளிம்பில் உட்கார்ந்தது. பெண் அலகை நீட்டி வாங்கிக்கொண்டது.

"பாத்தியா, என்ன ஒரு அன்பு! நானும் உள்ள வந்து ஓரமா படுத்துக்கறேனே," என்றேன்.

"நல்லா பாருங்க. அவரு சாப்பாட்டைக் கொடுத்துட்டு உள்ள வந்து படுக்கறாரா?"

ஆண் வல்லூறு பறந்துவிட்டது. நானும் படியிறங்கினேன்.