மில்லிமீட்டரின் ரம்பம்

“பட்டப்பகல் மோசடி!” என்று கத்தியபடி, அறுத்த பலகையைத் தூக்கிக்கொண்டு மில்லிமீட்டர் சமையலறைக்குள் நுழைந்தார். “பாரு, நல்லாப் பாரு! இந்த முனையில ஒரு அகலம், அந்த முனையில ஒரு அகலம். ஓரமெல்லாம் வேற கருகிக் கிடக்கு!”

“அடுப்புகிட்ட கொண்டு வராதீங்க, தூள் கொட்டுது,” என்றாள் மனைவி.

வரைபடங்களைச் சரிபார்ப்பது அவருடைய வேலை. ஒரு கோடு இம்மியளவு பிசகினாலும் அலுவலகத்தையே இரண்டாக்கிவிடுவார். அங்கே வைத்த பெயர்தான் மில்லிமீட்டர். அப்படிப்பட்ட மனுஷன் ஆசை ஆசையாக வாங்கிய மேஜை ரம்பம் கோணலாக அறுத்தால் எப்படி இருக்கும்?

அந்த ரம்பத்தை வீட்டுக்குள் கொண்டுவர அவர் பட்ட பாடு கொஞ்சநஞ்சமல்ல. மனைவி வீட்டிலேயே துணி தைத்துக் கொடுப்பவள். தைக்க வந்த துணியெல்லாம் கட்டிலில் மலையாகக் குவிந்து, புருஷனும் பெண்டாட்டியும் ஓரத்தில் ஒடுங்கிப் படுக்க வேண்டியிருந்தது. “இந்த லீவுல உனக்குச் சுவர் நீளத்துக்கு ஒரு அலமாரி பண்ணித் தர்றேன்” என்று வாக்குக் கொடுத்த பிறகுதான், வீட்டுக்குப் பின்னால் காலியாகக் கிடந்த ஷெட்டைப் பட்டறையாக்க அனுமதி கிடைத்தது. அதிலும் ஒரு நிபந்தனை. லீவு முடிவதற்குள் அலமாரி நிற்காவிட்டால் ரம்பம் கடைக்குத் திரும்பிவிடும். ஷெட்டில் தையல் மெஷின் குடியேறிவிடும்.

பலகையை ஒட்டித் தள்ளுவதற்கு ரம்ப மேஜையில் ஓர் இரும்புச் சட்டம் உண்டு. அதற்கும் சுழலும் பிளேடுக்கும் இடையே முன்பக்கமும் பின்பக்கமும் ஒரே இடைவெளி இருக்க வேண்டும். பின்பக்கம் குறுகினால் பலகை நடுவில் மாட்டிக் கருகும். மில்லிமீட்டர் மாலை முழுக்க இடுப்பொடியக் குனிந்து, ஸ்கேல் வைத்து அளந்து, சட்டத்தை நேராக்கித் திருகை முறுக்கிவிட்டுப் படுக்கப் போனார். காலைச் சாப்பாட்டை முடித்துக்கொண்டு போய்ப் பார்த்தால் மறுபடியும் கோணல்.

கடைக்குப் போன் போட்டார்.

“எங்க மெஷின் தானா நகராது சார்.”

“அப்போ நான் பொய் சொல்றேனா? மனுஷன் வயசுக்கு ஒரு மரியாதை வேண்டாமா?”

“திருகை நல்லா டைட் பண்ணிப் பாருங்க சார்.”

டைட் பண்ணினார். ஸ்பேனரில் ஒரு குழாயைச் செருகி, அதன்மேல் ஏறி உட்காராத குறையாக அழுத்தினார். மடக்கென்று திருகின் தலை கையோடு வந்துவிட்டது.

விடுவாரா? கடைவீதிக்குப் போய்ப் புதுத் திருகும், சட்டத்தை மேஜையோடு சேர்த்துப் பிடிக்க இரண்டு கிளாம்பும் வாங்கி வந்து, மறுபடி அளந்து மாட்டினார். மறுநாள் கிளாம்ப் இரண்டும் தரையில் கிடந்தன. சட்டம் வழக்கம்போல் பல்லைக் காட்டிக்கொண்டு நின்றது.

“இதுக்குப் பேரு மெஷினா? அயோக்கியத்தனம்!” என்று தலையில் அடித்துக்கொண்டார்.

ஷெட் வாசலில் மாமனார் நின்றிருந்தார். ஓய்வு பெற்ற டிரில் மாஸ்டர். மகள் வீட்டில் சில நாள் இருந்துவிட்டுப் போக வந்தவர்.

“அநியாயம் மாப்பிள்ளை,” என்றார் மாமனார். “நானும் பார்த்துக்கிட்டுத்தான் இருக்கேன். காசை வாங்கிட்டு இப்படி ஒரு சாமானைத் தலையில கட்டியிருக்கானே! நீங்க விடாதீங்க.”

“விடுவேனா மாமா? ஒரு கை பார்த்துடுறேன்.”

இந்த வீட்டில் நியாயம் தெரிந்த ஒரே ஆள் இவர்தான் என்று மில்லிமீட்டர் நினைத்துக்கொண்டார்.

கிளாம்ப் தானாக விழ வேண்டுமென்றால் ஏதோ அதிர்ச்சி வந்திருக்க வேண்டும். ஷெட் சுவருக்கு அந்தப் பக்கம் என்ன இருக்கிறது? பக்கத்து வீட்டுக்காரரின் வாஷிங் மெஷின். மில்லிமீட்டர் நேரே போய்க் கதவைத் தட்டினார்.

“உங்க வாஷிங் மெஷின் ஆடுற ஆட்டத்துல என் ரம்பம் கெட்டுப்போகுது. இனிமே அதை ஓட்டாதீங்க.”

பக்கத்து வீட்டுக்காரர் ஏற இறங்கப் பார்த்தார். “என் மெஷின் துணிதாங்க துவைக்கும். சுவரைத் தாண்டி வந்து உங்க கிளாம்பைக் கழட்டாது.”

கதவு படாரென்று சாத்தப்பட்டது. அத்தனை வருஷப் பழக்கம் அதோடு முடிந்தது.

பிறகு அவருடைய சந்தேகம் தரைமேல் திரும்பியது. தரை சரிவாக இருந்தால் சட்டம் நழுவத்தானே செய்யும்? ரம்ப மேஜையின் கால்களுக்கு அடியில் மரத்துண்டுகளைச் செருகினார். முதலில் நேராக நின்றுகொண்டிருந்த மேஜை இப்போது ஆடத் தொடங்கியது. ஆட்டத்தை நிறுத்த இன்னொரு துண்டு. அது போதாமல் அதற்கு மேல் ஒன்று. அந்த லட்சணத்தில் ஒரு பலகையை வைத்துத் தள்ளினார்.

பலகை பாதியில் மாட்டியது. ரம்பம் ஒரு முறை உறுமி, அதை வந்த வழியே வீசி எறிந்தது. நல்லவேளை, மில்லிமீட்டர் ஒதுங்கி நின்றதால் தப்பினார். ஜன்னல் கண்ணாடி தப்பவில்லை. வெளியே கொடியில் தொங்கிய, வாடிக்கையாளரின் புத்தம்புதுச் சட்டையும் தப்பவில்லை.

கிழிந்த சட்டையோடு மனைவி வந்து நின்றாள்.

“என்னங்க, போதும். அலமாரிக்கு வாங்கின பலகையில மிச்சம் எவ்வளவு இருக்கு?”

அவர் மூலையைப் பார்த்தார். அறுத்துப் பார்த்து அறுத்துப் பார்த்தே எல்லாம் துண்டாகியிருந்தது.

“கடைக்கு நான் பேசுறேன்,” என்றாள்.

மறுநாள் வேன் வந்தது. கடை ஆள் ரம்பத்தை இப்படியும் அப்படியும் தட்டிப் பார்த்தான். சட்டத்தை நேராக்கி, ஆட்டி, உலுக்கி, ஒரு துண்டையும் அறுத்துக் காட்டினான். கத்தி வைத்து வெண்ணெயை வெட்டினதுபோல் வந்தது.

“மெஷின்ல ஒரு குறையும் இல்லை சார். நல்ல பொருள். வெச்சுக்குங்களேன்.”

மில்லிமீட்டரின் கை ரம்பத்தை ஒரு நிமிஷம் தடவியது. பிறகு சுர்ரென்று ஏறிவிட்டது கோபம்.

“இப்போ நல்லாத்தான் அறுக்கும்! காலையில வந்து பாரு, இதோட சுயரூபம் தெரியும். ராத்திரியில நகருற மெஷினை விக்கிறதுக்கு உங்களுக்கு வெட்கமா இல்லை? எடுத்துட்டுப் போ! என் கண்ணு முன்னால நிக்கக் கூடாது!”

இரண்டு பேர் சேர்ந்து ரம்பத்தை ஏற்றினார்கள். வேன் தெரு முனையில் திரும்பி மறைந்தது. ஷெட்டுக்குள் மனைவி தையல் மெஷினை நகர்த்தும் சத்தம் கேட்டது. மில்லிமீட்டருக்குக் கண் கலங்கிவிட்டது.

மாமனார் அருகில் வந்து அவர் தோளில் கை வைத்தார்.

“நல்ல வேலை பண்ணீங்க மாப்பிள்ளை. நானும் தினமும் விடியக்காலையில போய், தெரியுற ஒத்தைக் கண்ணை இடுக்கிப் பார்த்து அந்தச் சட்டத்தை நேராக்கி வெச்சுட்டு வர்றேன். அடுத்த நாள் போய்ப் பார்த்தா திரும்பவும் கோணிக்கிட்டு நிக்குது!”