வெபினார்வாசி

கல்லூரி நூலகங்களில் புத்தகத்தை அரிக்கும் பூச்சி ஒன்று உண்டு. அதற்கு மருந்தும் உண்டு. மருந்தே இல்லாத இன்னொரு இனம் அண்மைக் காலத்தில் பெருகிக் கிடக்கிறது. வெபினார்வாசி என்று பெயர் வைப்போம். காலை பத்து மணிக்கு ஏதாவதொரு இணையவழிக் கருத்தரங்கில் நுழையும், கேமராவை அணைக்கும், மைக்கை மூடும், போனைக் கவிழ்த்துவைத்துவிட்டு வெண்டைக்காய் நறுக்கப் போகும், பன்னிரண்டு மணிக்குக் கருத்துப் படிவம் வந்துவிட்டதா என்று மட்டும் எட்டிப் பார்த்து, ஆறு கேள்விக்கும் ‘மிக நன்று’ என்று தட்டிவிட்டுக் குழம்பைக் கிளறும். சாயங்காலம் சான்றிதழ் வந்துவிடும். அறிவு? அது வரும்போது வரட்டும், என்ன அவசரம்.

ராஜபாளையத்துக்கும் ஸ்ரீவில்லிபுத்தூருக்கும் நடுவே, பஸ் நின்றால் நிற்கும் நிறுத்தத்தில் இருக்கிறது அந்தக் கல்லூரி. அதன் நூலகர் வேதசிரோமணி இந்த இனத்தின் மூத்த குடிமகன். முன்னூற்றுப் பன்னிரண்டு சான்றிதழ்கள். ஒவ்வொன்றும் கலர் பிரிண்ட், பிளாஸ்டிக் உறை. பதவி உயர்வுக்கு இருபது போதுமே என்றால், “கெடக்கட்டுமே, சோறா கேக்குது?” என்பார். நூலகத்தின் மென்பொருள்கள் அத்தனைக்கும் பாஸ்வேர்ட் அவர் ஒருவரிடம்தான். ஒன்றையாவது சொல்லிவையுங்கள் என்று உதவியாளர் பால்ச்சாமி கேட்டதற்கு வந்த பதில்: “ஏலே, பாஸ்வேர்ட் பாதுகாப்புக்கு மட்டும் மூணு சர்ட்டிபிகேட் வச்சிருக்கேன். உங்கிட்ட எப்படிச் சொல்லுவேன்?”

இப்பேர்ப்பட்டவரை ஒருநாள் பேசவே கூப்பிட்டுவிட்டார்கள். தலைப்பு, ‘வாசகரே முதன்மை: டிஜிட்டல் யுகத்தில் நூலகச் சேவை.’ மதியம் இரண்டரைக்கு அவருடைய கண்ணாடி அறையின் கதவில் அட்டை தொங்கியது. ‘இணையவழி உரை நடைபெறுகிறது. உள்ளே வராதீர்கள்.’

அட்டை ஆடி நிற்பதற்குள் மாரிக்கனி வந்து நின்றாள். மம்சாபுரத்தில் பள்ளி ஆசிரியை. ஏழு வருடமாக இந்தக் கல்லூரியில் பகுதிநேர ஆய்வு. ஆய்வேட்டில் பிறர் எழுத்து எவ்வளவு ஏறியிருக்கிறது என்று மென்பொருள் ஓர் அறிக்கை தரும். அதை நான்கு மணிக்குள் ஆய்வுப் பிரிவில் கொடுத்தாக வேண்டும். இன்று தவறினால் இன்னும் ஆறு மாதம். அவளுடைய வழிகாட்டியோ மாதக் கடைசியில் ஓய்வு பெறுகிறார். பிறகு புது வழிகாட்டி, மறுபடி முதல் அத்தியாயம். ஏட்டை நேற்றே மென்பொருளில் ஏற்றியாகிவிட்டது. அறிக்கையைத் திறக்கும் பாஸ்வேர்ட்தான் கண்ணாடிக்கு அந்தப் பக்கம் உட்கார்ந்திருந்தது.

“எம்புட்டு நேரம்ணே ஆகும்?”

“பேச்சு ஒரு மணி நேரம். பொறவு நன்றியுரை, குரூப் போட்டோ,” என்றான் பால்ச்சாமி. “செத்த நேரம் உக்காருங்க டீச்சர். இந்த ரெஜிஸ்டர்ல ஒரு கையெழுத்து.”

“எதுக்கு?”

“வாசகர் வருகைக் கணக்கு.”

வேறு வழி? சுவரொட்டியில் இருந்த லிங்க் வழியாக மாரிக்கனியும் போனில் நுழைந்தாள். இருநூற்றுப் பதின்மூன்று பேர் இருந்தார்கள். வேதசிரோமணியின் வாய் அசைந்தது, கை அசைந்தது, சத்தம் மட்டும் இல்லை. போன்தான் பழுதோ என்று தட்டிப் பார்த்தவள், அவர் பெயருக்குப் பக்கத்தில் சிவப்புக் கோடு போட்ட மைக்கைக் கண்டாள். முன்னூற்றுப் பன்னிரண்டு முறை நுழைந்ததும் மூடிப் பழகிய கை, அன்றைக்கும் மூடிவிட்டது.

“சார், மைக் ஆஃப்ல இருக்கு” என்று எழுதிப் போட்டாள். ‘வணக்கம் ஐயா, சேலத்திலிருந்து’, ‘அருமையான உரை’, ‘படிவத்தின் லிங்க் எப்போது?’ இவற்றுக்கு அடியில் அது போய்ச் சேர்ந்தது. கண்ணாடியைத் தட்டிக் காதைத் தொட்டுக் காட்டினாள். கேட்கும் ஆசை இவளுக்கும் வந்துவிட்டதே என்று அவர் பூரித்து, இன்னும் உரக்கப் பேசினார்.

மூன்று மணி இருபது. மாரிக்கனி கதவைத் தள்ளினாள்.

“என்னம்மா, போர்டு கண்ணுல படலையா?”

அவள் குனிந்து மைக்கைத் திறந்தாள். “சார், அம்பது நிமிஷமா நீங்க பேசுனது ஒருத்தருக்கும் கேக்கல. எனக்கு நாலு மணிக்குள்ள ரிப்போர்ட் வேணும்.”

அந்த உரையில் முதன்முதலாக எல்லாருக்கும் கேட்ட வாக்கியம் அது. உடனே வந்தது பதில்: ‘பின்னணியில் ஒரே சத்தம். தயவுசெய்து மைக்கை மூடவும்.’

வேதசிரோமணிக்குக் காது சிவந்தது. கேமரா திறந்திருந்தது, மைக் திறந்திருந்தது, திரை நிறைய ‘வாசகரே முதன்மை’ என்று நின்றது. என்ன செய்வார் பாவம்? பாஸ்வேர்டைத் தட்டினார். மூன்றே நிமிட வேலை. அச்செடுத்து, வழிகாட்டியின் கையெழுத்து வாங்கி ஓடியதில், மூன்று ஐம்பத்தாறுக்கு ஆய்வுப் பிரிவில் முத்திரை விழுந்தது.

வேதசிரோமணிக்கு அன்று ராத்திரி சாப்பாடு இறங்கியிருக்காது என்று நினைப்பீர்கள். நன்றாகவே இறங்கியது. கருத்துப் படிவங்கள் நூற்று எண்பத்தேழு வந்திருந்தன. ஒலித் தெளிவு: மிக நன்று. ஒருவர், ‘குரல் கணீரென்று இருந்தது’ என்றே எழுதியிருந்தார். முன்னூற்றுப் பதின்மூன்றாம் உறை நிறைந்தது. பாஸ்வேர்ட் இன்றைக்கும் அவரிடம்தான்.

மாரிக்கனிக்கும் சான்றிதழ் ஒன்று வந்தது. ‘முழுமையாகப் பங்கேற்றுப் பயனடைந்தமைக்கு.’ காறித் துப்பலாம் போல வந்தது அவளுக்கு. அழிக்கப் போன விரல் செத்த நேரம் நின்றது. பள்ளியிலும் பதவி உயர்வுக்குக் கேட்கிறார்களாமே. கெடக்கட்டும், சோறா கேக்குது.

சிரித்தீர்களா? நல்லது. நடுவில் எத்தனை பத்தியைத் தாண்டி வந்தீர்கள் என்று நான் கேட்கப் போவதில்லை. ஆனால் ‘அருமை’ என்று போட உங்கள் கட்டைவிரல் இரண்டாம் பத்தியிலேயே எழுந்துவிட்டது; அதை மட்டும் கொஞ்சம் கவனித்துக்கொள்ளுங்கள்.