நர்சம்மாவின் தம்பி

வீட்டுக்கு வந்தவரைப் பார்த்து "நீங்க யாரு?" என்று கேட்பது எங்கள் தேயிலைத் தோட்டத்து ஆட்களிடம் பெரிய மரியாதைக் குறைவு. முதலில் உட்காரச் சொல்ல வேண்டும். தேத்தண்ணி கொடுக்க வேண்டும். "எந்தத் தோட்டம்?" என்று விசாரிக்க வேண்டும். வந்த ஆள் யார் என்பது அதற்குள் தானாக வெளியே வந்துவிடும். இந்த முறை ஒரு சனிக்கிழமை வரை என்னைக் கைவிட்டதில்லை. (கைவிட்ட அன்று மொத்தமாகக் கைவிட்டது.)

பதுளையில் வீடு தேடுவது இப்போதெல்லாம் பஸ்ஸில் சீட் பிடிக்கிற மாதிரி. ஜன்னல் வழியாகக் கைக்குட்டை போட்டவனுக்கே இடம். எங்கள் வாடகை வீட்டுக்காரர், எல்லவுக்குச் சுற்றுலா வரும் வெள்ளைக்காரர்களுக்கு அறை அறையாக விடப்போவதாகச் சொல்லி, மாதக் கடைசிக்குள் எங்களைக் காலி செய்யச் சொல்லிவிட்டார். அதைவிட அவசரம் அம்மா. தோட்டத்தில் லயத்து வீட்டுக்கு ஏறும் படியில் விழுந்து, இடுப்பில் அடிபட்டுக் கிடந்தாள். ஆஸ்பத்திரிப் பக்கம் வீடு அமைந்ததும் அழைத்து வருவதாக வாக்குக் கொடுத்திருந்தேன். ஆனால் பார்க்கப் போன வீடுகளெல்லாம் நாங்கள் செருப்பைக் கழற்றுவதற்குள் கைமாறிவிட்டன. எனக்குத் தூக்கமே போய்விட்டது.

அப்போதுதான் நர்சம்மா வீடு விலைக்கு வந்தது. ஓய்வு பெற்றவர், கொழும்பில் மகளோடு போய் இருக்கப் போகிறார். ஏற ஒரு படிகூட இல்லாத வீடு. வங்கிக் கடனுக்குள் அடங்குகிற விலை. ஒரே ஒரு நிபந்தனை: வீட்டை நல்லபடியாக வைத்துக்கொள்கிறவர்களுக்குத்தான் கொடுப்பாராம். சனிக்கிழமை அவருக்கு ஆஸ்பத்திரியில் கிளினிக். அதனால் பண்டாரவளையிலிருந்து தம்பி வந்து எங்களைப் பார்ப்பார், அவர் சரி என்றால் சரி. வேறு ஆட்களும் கேட்கிறார்கள் என்று, வீட்டைத் திறந்து வைக்கச் சாவியைக் கொடுக்கும்போதே சொல்லிவிட்டார்.

சனிக்கிழமை விடிந்ததும் விடியாததுமாகப் போய், அடுத்தவர் வீட்டைக் கூட்டித் துடைத்து, பிளாஸ்க் நிறையத் தேத்தண்ணியோடு காத்திருந்தோம். பெண் பார்க்க வருகிறார்கள், பெண் நான். "நாங்க வாங்கணும்" என்று வாயைத் திறந்தால் பேராசை மாதிரி இருக்கும், வீட்டை மட்டும் புகழ வேண்டும் என்று என் மனைவி செல்விக்கும் சொல்லி வைத்திருந்தேன். சற்று நேரத்தில் ஒருவர் மனைவியோடு கேட்டைத் திறந்துகொண்டு வந்தார். நர்சம்மா வரச் சொன்னதாகச் சொன்னார். எனக்கு அது போதும்.

உட்காரவைத்தேன், ஊற்றிக் கொடுத்தேன், எந்தத் தோட்டம் என்று கேட்டேன். பண்டாரவளைப் பக்கம் ஒரு தோட்டத்தைச் சொன்னார். (வேறென்ன சாட்சி வேணும்?) நான் பள்ளிக்கூட வாத்தியார், மணி அடித்தால்தான் வாய் மூடும். அன்று மணியும் இல்லை. கோடையில் வற்றாத ஊற்றுத் தண்ணீரைச் சொன்னேன். ஒழுகாத கூரையைச் சொன்னேன். (அடைமழையில் ரோட்டில் குடையோடு நின்று நோட்டம் பார்த்தவன் நான்.) அவர் முகத்தில் சிரிப்பே இல்லை. சுவரைத் தட்டி, ஈரம் ஏறும் போலிருக்கிறதே என்றார். பரீட்சை வைக்கிறார் என்று எனக்கு வியர்த்துவிட்டது. அது பழைய கறை, இரண்டு மழைக்காலமாக ஒரு சொட்டு ஏறவில்லை என்று சத்தியம் செய்யாத குறையாக வாதாடினேன்.

அந்தம்மா ஜன்னலைச் சாண் போட்டு அளந்துகொண்டிருந்தார். செல்வி என் காலை மிதித்தாள். நான் நிறுத்தவில்லை. அடுப்படிக்கு இழுத்துக்கொண்டு போனாள்.

"இவங்க யாருன்னு மொதல்ல கேளுங்க."

"வந்தவங்கள அப்பிடிக் கேக்கலாமா? எங்கம்மா என்னைய அப்பிடியா வளத்துச்சு?"

திரும்பி வந்து கடைசி அம்பையும் விட்டேன்.

"இத விட்டா இப்பிடி ஒரு வீடு பதுளையில கெடைக்காதுங்க. இதுல யோசிக்க ஒண்ணுமில்ல. இன்னைக்கே முடிச்சிரணும்."

அவர் மனைவியைப் பார்த்தார். அந்தம்மா தலையாட்டினார். அவர் போனை எடுத்துக்கொண்டு வெளியே போனார். அக்காவிடம் நம்மைப் பற்றித்தான் சொல்கிறார் என்று நினைத்துக்கொண்டேன். செல்வியின் முகத்தில் ஈயாடவில்லை.

உள்ளே வந்து என் இரண்டு கைகளையும் பிடித்துக்கொண்டார்.

"ஈரம் ஏறுதுன்னு வேணாம்னு சொல்லத்தாங்க இருந்தோம். நீங்க பேசுன பேச்சுல மனசு மாறிருச்சு. 'ஒங்க தம்பிக்கும் எங்கள புடிச்சிருச்சு'ன்னு ஒங்க அக்காகிட்ட சொன்னேன், வீடு எங்களுக்குத்தான்னு உடனே வாக்குக் குடுத்துட்டாங்க."

அந்த நேரம் பார்த்து, பஸ் பழுதானதால் மேடெல்லாம் நடந்து மூச்சு வாங்கிக்கொண்டு உண்மையான தம்பி வந்து சேர்ந்தார். மிச்சத் தேத்தண்ணியை அவர்தான் குடித்தார். நர்சம்மாவுக்குப் போன் போட்டுக் கெஞ்சினேன். மிகவும் வருத்தப்பட்டார். ஆனால் கொடுத்த வாக்கை மாற்ற மாட்டேன் என்றார். வீதியில் நின்று, வெட்கத்தை விட்டு அழுதேன்.

அம்மா இன்னும் இரண்டு மாதம் லயத்திலேயே கிடக்க வேண்டியதாயிற்று. நாங்கள் சாமான்களோடு மச்சான் வீட்டில் கிடந்தோம். பிறகு பதுளைக்குப் பக்கத்தில் ஹாலிஎலயில் ஒரு வீடு வந்தது. செல்வி என்னை முச்சந்தியில் ஆட்டோவுக்குள்ளேயே உட்காரவைத்துவிட்டுத் தனியாகப் போய்ப் பேசி முடித்தாள். நான் அந்த வீட்டின் உட்புறத்தைப் பார்த்ததே பால் காய்ச்சிய அன்றுதான். அம்மாவைத் தூக்கிக்கொண்டு போய் உட்காரவைத்தபோது எனக்குப் பேச்சு வரவில்லை. (செல்வி அதையும் குறித்துக்கொண்டாள்.)

இன்றுவரை எங்கள் வீட்டில் எதையும் வாங்க நான் போவதில்லை. தக்காளிகூட. ஆனால் போன மாதம் விற்கப் போட்ட என் பழைய மோட்டார் சைக்கிள் யாருமே கேட்காமல் கிடந்தபோது, அம்மா கட்டிலில் இருந்தபடியே வீட்டாருக்கு வழி சொன்னாள்.

"எதுக்குக் கவலப்படுறீங்க? இவன அது பக்கத்துல நிப்பாட்டி வச்சு, இதத்தான் நாம வாங்கப் போறோம்னு இவங்கிட்ட சொல்லுங்க. மத்தத அவனே பாத்துக்குவான்."