துரைக்கண்ணு படித்த நோட்டீஸ்

இனி எந்த வேலையையும் அடுத்தவன் கையில் விடுவதில்லை என்று ஜம்புலிங்கம் தீர்மானம் போட்டிருந்தார். காரணம் இருந்தது. எல்லைப் போராட்டத்தில் திருத்தணிக்காக இரண்டு முறை ஜெயிலுக்குப் போனவர். அடி வாங்கியது அவர். மாலை வாங்கியது வேறு ஆட்கள்.

அதனால் நெசவாளர் தேகப்பயிற்சி மன்றத்தை அவரே தனியாக நடத்தினார். தறிக்குழியில் நாளெல்லாம் உட்காருகிறவர்களுக்கு முட்டியும் முதுகும் பிடித்துக்கொள்ளும். விடியற்காலையில் அவர்களைத் தெருவில் கூட்டிக் குனிய நிமிர வைக்க நாலு பயிற்சியாளர்கள். அந்த நாலு பேரையும் மேய்க்க இவர்.

மேய்ப்பது என்றால் பேசுவது. தினமும் நாலு பேரையும் தன் வாசலில் விறைப்பாக நிறுத்தி, உலகத் தொழிலாளர் வரலாற்றில் தொடங்கி ஒரு மணி நேரம் பேசுவார். முடிப்பதற்குள் நெசவாளர்கள் தறியில் இறங்கிவிடுவார்கள். பயிற்சி கொடுக்க வந்தவர்களுக்கே முட்டி பிடித்துக்கொண்டது.

அவர்களுக்குக் கூழ் ஊற்றி, புலம்பலையும் கேட்டுக்கொண்டவள் அவர் மனைவி வள்ளியம்மாள். ஒரு சாயங்காலம் அவரிடம் வந்து உட்கார்ந்தாள்.

“ஏங்க, திருவாலங்காட்டுப் பக்கம் டிரில் மாஸ்டருங்க நாலு பேரு அழுதுகினு கீறாங்களாம். மேல கீற ஆளு தெனம் ஒரு மணி நேரம் நிக்கவச்சிப் பேசறாராம்.”

“நிக்கவச்சா? அவன் மனுசனா?”

இப்படியும் ஒரு கொடுமை உண்டா என்று அவருக்கு வியப்பாகவே இருந்தது.

“நோட்டீஸ் எழுத ஆளு இல்லியாம்.”

“நான் செத்தா பூட்டேன்?” பேனாவைத் திறந்தார். “கோரிக்கை இன்னா, சொல்லு.”

“கால் மணியா கொறைச்சா போதுமாம்.”

எழுதிக்கொண்டே வந்தவர் நிறுத்தினார். “இதான்மே நம்ம ஜனத்துக்கிட்ட கோளாறு. கொறைக்கறதாம். அடியோட நிறுத்தணும்னு கேக்கணும்.”

“பாவங்க, பெரிய மனுசரு. கால் மணியாவது பேசிட்டுப் போட்டும்.”

“அரை நிமிசம் கூடாது.”

எழுதிய கால் மணியை அழுத்தி அடித்தார். ‘நாவைச் சாட்டையாக்கிய கொடுங்கோலனே, இனி வாய் திறவாதே. திறந்தால் வேலைநிறுத்தம்’ என்று முடித்து, இரண்டு முறை உரக்கப் படித்து ரசித்தார்.

“இதுக்கு அடங்குவாரா அவரு?”

“ஜென்மத்துக்கும் எழுந்திருக்க மாட்டான்.”

மறுநாள் விடியலில் தொண்டையைச் செருமிக்கொண்டு வாசலுக்கு வந்தார். நாலு பேரும் தரையில் உட்கார்ந்திருந்தார்கள். அவர் முன்னால் அதுவரை அவர்களில் யாரும் உட்கார்ந்ததில்லை.

அவர்களில் மூத்தவன் துரைக்கண்ணு, மடித்த காகிதத்தைப் பிரித்துப் படித்தான். முதல் வரிக்கு ஜம்புலிங்கம் தலையாட்டிப் பாராட்டினார். இரண்டாவது வரியில் நடை தெரிந்தது. மூன்றாவதில் காகிதத்தை எட்டிப் பார்த்தார். கையெழுத்தும் தெரிந்தது.

நாலு பேரையும் விரட்டிவிட்டு வேறு ஆள் வைக்கலாம்தான். ஆனால் வேலைநிறுத்தத்தை உடைக்கிறவன் முகத்தில் காறித் துப்பியே முப்பது வருஷம் வாழ்ந்தவர் அவர். வேறு வழியில்லாமல் இறங்கி வந்தார்.

“சரி துரைக்கண்ணு. தலைவன்னா விட்டுக்குடுக்கணும். கால் மணி மட்டும் பேசிக்கறேன். அதுக்கு மேல ஒரு வார்த்தை கெடையாது.”

நாலு பேரும் வள்ளியம்மாளைப் பார்த்தார்கள். அவள் கூழைக் கலக்கிக்கொண்டே சொன்னாள்:

“அது நாங்க கேட்டதுங்க. அடிச்சது நீங்க.”