மாமாவுக்கு ஒரு மிட்டாய் இல்லாத பார்சல்

தண்டையார்பேட்டை,
டிசம்பர் 14

மதிப்பிற்குரிய மாமா அவர்களுக்கு,

மருமகன் வேதமாணிக்கம் வணக்கத்துடன் எழுதுவது. கர்த்தர் கிருபையால் ஜெரினாவும் பிள்ளைகளும் கடையும் சுகம். அங்கே அத்தையின் முட்டிவலியும் தங்கள் சர்க்கரையும் அடங்கியிருக்கும் என்று நம்புகிறேன்.

இத்துடன் வரும் பார்சலில் சர்க்கரை ஒரு மணிகூட இல்லை என்று முதலிலேயே உறுதி சொல்லிவிடுகிறேன். மிட்டாய் மொத்த வியாபாரம் செய்யும் மருமகன் மிட்டாய் இல்லாமல் கிறிஸ்துமஸ் பார்சல் அனுப்புவது பதிமூன்று வருஷத்தில் இதுதான் முதல் தடவை. பெனிஷாவும் அஜினும், "தாத்தாவுக்கு நாங்களே செய்றோம்" என்றார்கள். நானும் தலையாட்டினேன். அதுதான் நான் செய்த தப்பு.

வாழ்த்து அட்டை செய்ய நம் கடையில் அட்டைக்கா பஞ்சம் என்று ஆரஞ்சு மிட்டாய் வந்த பெட்டியை வெட்டிக் கொடுத்தேன். மறுநாள் பார்த்தால் பிள்ளைகள் அதில் வரைந்த மாட்டுத்தொழுவத்தில் மேய்ப்பர்களைவிட எறும்புகள் அதிகம். அதைத் தூக்கிப் போட்டுவிட்டுப் பழைய காலண்டரின் பின்பக்கத்தைக் கொடுத்தேன், அஜின் அதில் ஜிகினாவைக் கொட்டினான், பாதி அட்டையில் விழுந்தது, மீதி தராசிலும் கல்லாவிலும் என் மேலும் விழுந்தது, தெரியாமல் டீ குடிக்கப் போனால் டீக்கடை பஷீர் பாய், "இன்னா மாமு, மூஞ்சி பூரா மின்னிகினு கீது, கல்யாணமா?" என்று நாலு பேர் முன்னால் கேட்டார்.

பரிசு பெனிஷாவின் யோசனை. தினமும் உள்ளங்காலைப் பார்க்க வேண்டும் என்று டாக்டர் சொல்லியிருக்கிறார், தங்களுக்குக் குனிய முடியாது, அத்தைக்குக் கண் சரியில்லை, ஆகவே நீளமான கம்பில் ஒரு கண்ணாடி. கம்பு, பஷீர் பாயின் ஒடிந்த குடையினுடையது. கண்ணாடி யாருடையது என்பது ஞாயிற்றுக்கிழமை காலையில்தான் தெரிந்தது. சவரம் செய்ய உட்கார்ந்தால் சுவரில் ஆணி மட்டும் இருந்தது. கைப்பழக்கத்தில் இழுத்ததில் மீசை ஒரு பக்கம் போய்விட்டது. கைக்குட்டையால் வாயைப் பொத்திக்கொண்டு கோயில் ஆராதனையில் உட்கார்ந்திருந்தேன், போதகர் ஐயர் வந்து பல்வலிக்காக ஜெபம் செய்துவிட்டுப் போனார்.

மாமா, அந்த அட்டையைப் பற்றி ஒன்று சொல்ல வேண்டும். அஜின் அதில் தங்கள் வலது காலை வரைந்துவிட்டான். மூன்றே விரல். எனக்கு வந்த கோபத்தில் கத்திவிட்டேன். அவன் அழுதுகொண்டே, "தாத்தா காலு அப்டித்தான கீது? வீடியோல நான் பாத்தேன்பா" என்றான்.

கோபம் அவன்மேல் இல்லை. போன வருஷ மழையில் குடோனுக்குள் முழங்கால் தண்ணீர் நின்று சரக்கெல்லாம் பாகாய்க் கரைந்தபோது, கூப்பிடாமலே ஊரிலிருந்து பஸ் ஏறி வந்தீர்கள். நாலு நாள் அந்தத் தண்ணீரில் நின்று பெட்டி பெட்டியாகத் தூக்கினீர்கள். தகரம் குத்தியதை யாரிடமும் சொல்லவில்லை. என் கடை பிழைத்தது, புண் புரையோடித் தங்கள் கால்விரல் இரண்டு போனது. அதற்கு நன்றி என்று ஒரு வார்த்தை நேரில் சொல்ல எனக்கு இதுவரை வாய் வரவில்லை. இப்போது எழுதுகிறேன்: நன்றி மாமா.

"காலைப் பார்த்தால் பிள்ளைகள் பயந்துவிடும், கிறிஸ்துமஸுக்கு வரவில்லை" என்று ஜெரினாவிடம் சொன்னீர்களாம். தங்கள் விருப்பம், நான் வற்புறுத்தவில்லை. படத்தின்மேல் ஒரு ஜிகினா நட்சத்திரம் ஒட்டி மறைத்திருக்கிறேன். தயவுசெய்து அதைப் பிரிக்க வேண்டாம்.

அத்தைக்கு எங்கள் அன்பு. ஜெபத்தில் எங்களையும் நினைத்துக்கொள்ளுங்கள்.

என்றும் நன்றியுள்ள,
வேதமாணிக்கம்

பி.கு.: மேலே எழுதியதில் பாதியை அடித்துவிடுங்கள். பார்சல் கட்டப் போனால் நட்சத்திரத்தைக் காணோம். அஜின் அதைப் பிய்த்துத் தன் நெற்றியில் ஒட்டிக்கொண்டு, வலது காலில் இரண்டு விரலை மடக்கித் துணி சுற்றி, வீடு முழுக்க நடந்துகொண்டிருக்கிறான். "இன்னாடா இது?" என்றால், "தாத்தா வந்தா ரெண்டு பேரும் ஒரே மாதிரி நடப்போம்" என்கிறான். பயப்படுகிற பிள்ளையைத் தாங்கள் வேறு எங்காவதுதான் தேட வேண்டும். படம் அப்படியே வருகிறது. வற்புறுத்துகிறேன் மாமா, வாருங்கள்.

இன்னொன்று. பார்சலுக்குள் அவன் இரண்டு தேன் மிட்டாய் ஒளித்து வைத்தானாம். ஒன்றுதான் எனக்குக் கிடைத்தது. மற்றது அகப்பட்டால் சாப்பிட்டுவிடாதீர்கள். "அது என்னுது, தாத்தாவே கொண்டாந்து குடுக்கணும்" என்கிறான்.