கடலுக்கு முன்னால் ஒரு செயின் வீல்

"இரும்புதான்னு சொல்றேன்ல..."

"அலுமினியம்னு நானும் சொல்றேன்ல..."

"மலையில பாதி வழியில பல்லு தேஞ்சு போச்சுன்னா?"

"மலையில அந்தக் கனத்தை யாரு மிதிக்கிறது? பின்சீட்டுல நான்தானே!"

மலைநாட்டு ஊரான சொகமோசோவின் உருக்காலையில் காலமெல்லாம் இரும்பைக் காய்ச்சி ஊற்றி ஓய்வு பெற்றவர் எலிசேயோ. அவர் காதுபட இரும்பைக் குறை சொல்வது பெற்றவளைக் குறை சொல்வது மாதிரி. மனைவி ஒடீலியாவின் சமையலறையிலோ அலுமினியத்தைத் தவிர வேறு பாத்திரம் கிடையாது. இரண்டு பேருக்கும் நடுவே, சுவரில் சாய்ந்து நின்றது அந்த நீளச் சைக்கிள். முன்னால் ஒருவர், பின்னால் ஒருவர் உட்கார்ந்து மிதிக்கிற வகை. பெடலோடு சுற்றும் அதன் செயின் வீலில் பற்கள் மழுங்கியிருந்தன.

கல்யாணத்தன்று எலிசேயோ எல்லார் முன்னாலும் சொல்லியிருந்தார்: "ஒடீலியாவை சைக்கிள்லயே கூட்டிட்டுப் போய்க் கடலைக் காட்டுவேன்." ஒடீலியாவுக்குத் தலை நரைத்துவிட்டது. கடலை இன்னும் பார்த்தபாடில்லை. ஒரு வருஷம் டயர் சரியில்லை. இன்னொரு வருஷம் சீட்டு சரியில்லை. இப்போது செயின் வீல்.

"இது முடிவாகாம கடலுக்குக் கிளம்ப மாட்டேன். எதுவும் முறையா நடக்கணும்" என்றார் எலிசேயோ.

"முப்பது வருஷமா அலுமினியப் பானையில வச்ச சூப்பைத்தானே குடிக்கிறீங்க? பல்லு தேஞ்சா போச்சு?"

"பானையை யாராவது மிதிச்சு மலை ஏறுவாங்களாடி?"

உள்ளூர்க் கடையில் இரண்டும் இல்லை. ஆனால் அந்தப் பக்கத்தில் யாரும் 'இல்லை', 'தெரியாது' என்று சொல்லி ஆளை அனுப்பமாட்டார்கள். "டுயிட்டாமாவுல கிடைக்கும். இதோ, பக்கத்துலதான்" என்றார் கடைக்காரர்.

எலிசேயோ அந்த நீளச் சைக்கிளிலேயே தனியாகக் கிளம்பினார்.

"நீங்க மட்டும் போனா இரும்பை வாங்கிட்டு வந்து நிப்பீங்க. நானும் வரேன்."

"அதுக்கு எதுக்கு இவ்வளவு பெரிய பை?"

"மழை வந்தா?"

"ஓலைத் தொப்பி?"

"வெயில் வந்தா?"

டுயிட்டாமாவில் செயின் வீல் இருந்தது. ஆனால் அதில் போல்ட்டுக்கு ஐந்து துளை. இவர்களுக்கு வேண்டியது நாலு. "சோவாட்டாவுல இருக்கும். இதோ, பக்கத்துலதான்."

அந்தப் 'பக்கத்துக்கு' நடுவில் ஒரு மலை நின்றது. ஏறும்போது சண்டை போட மூச்சில்லை. இறங்கும்போது வட்டியும் முதலுமாகப் போட்டார்கள்.

சோவாட்டாவில் சரியான அளவிலேயே இரண்டும் கிடைத்தன. எலிசேயோவின் முகம் மலர்ந்தது.

"தராசுல நிறுத்துப் பாருங்க" என்றாள் ஒடீலியா.

நிறுத்தார்கள். "ஒரு அரெப்பா ரொட்டி கனம்தான் கூட!" என்றார் எலிசேயோ.

"அப்ப நாளையிலேருந்து உங்களுக்கு ஒரு ரொட்டி கம்மி."

எலிசேயோவுக்கு ரோஷம் வந்துவிட்டது. எது பலம் என்று காட்ட, ஒன்றை இன்னொன்றின் மேல் ஓங்கி ஒரு போடு போட்டார். அலுமினியம் வளைந்தது. இரும்பு கையிலிருந்து தெறித்து, கடையின் கண்ணாடிப் பெட்டியை உடைத்துக்கொண்டு உள்ளே போனது.

"பாத்தியா! இரும்பு!" என்றார் எலிசேயோ பெருமையாக.

கடைக்காரர் கண்ணாடிக்கும் வளைந்ததற்கும் காசை வாங்கிக்கொண்டு வெளியே கையைக் காட்டினார். "நீங்க புகரமாங்காவுக்குப் போங்க. இதோ, பக்கத்துலதான். ரொம்பப் பக்கம்."

புகரமாங்காவில் பெரிய கடை. முதலாளியம்மா இரண்டு தரப்பையும் பொறுமையாகக் கேட்டுவிட்டு, உள்ளேயிருந்து ஒன்றை எடுத்து வந்தாள். நடுவட்டம் அலுமினியம். பற்கள் மட்டும் இரும்பு.

எலிசேயோ அதைத் தடவிப் பார்த்தார். "அட! ரெண்டு பேரும் ஜெயிச்ச மாதிரி ஆச்சு. வாங்கிட்டு வீட்டுக்குப் போயிடலாம், ஒடீலியா."

ஒடீலியா வாசலுக்கு வெளியே, வடக்கே போகும் ரோட்டைப் பார்த்தாள். பிறகு கைகளைக் கட்டிக்கொண்டாள்.

"வேண்டாம். முழு இரும்புதான் வேணும்."

"என்னது?"

"யோசிச்சுப் பாத்தேன். இரும்புதான் சரி."

"இவ்வளவு தூரம் என் உயிரை எடுத்துட்டு இப்ப இரும்பா? நீ இரும்புன்னா நான் அலுமினியம்!"

"பல்லு தேஞ்சு போகும்!"

"தேயட்டும்! கனத்தை முன்சீட்டுல மிதிக்கிறவன் நான்!"

முதலாளியம்மா காதைப் பொத்திக்கொண்டு வடக்கே கையை நீட்டினாள். "துறைமுகத்துப் பக்கம் போங்க. அங்க கப்பல்ல எல்லாம் வந்து இறங்குது."

அதற்குப் பிறகு மலை இல்லை, வெக்கைதான். எலிசேயோ கம்பளிப் போர்வையைக் கழற்றி ஹேண்டில்பாரில் சுற்றினார். ஒடீலியா தொப்பியை மாட்டிக்கொண்டாள். ஊர் ஊராகக் கேட்டார்கள். ஊர் ஊராக 'இதோ, பக்கத்துலதான்' கிடைத்தது. மழுங்கின பழைய செயின் வீல் ஒரு பல் கூட வழுக்காமல் சுற்றிக்கொண்டே இருந்தது. அதைக் கவனிக்க யாருக்கும் நேரமில்லை.

ஒரு நாள் மத்தியானம் ரோடு மணலில் போய் முடிந்தது. எலிசேயோ பிரேக்கைப் பிடித்தார். எதிரே நீலமாக, முடிவே இல்லாமல், இரைந்துகொண்டு...

"ஒடீலியா! கண்ணை மூடு!"

"எதுக்கு?"

"மூடுன்னா மூடு! இது கடல் பயணம் இல்ல, கடைக்கு வந்தது. இப்பப் பாத்துட்டா அப்புறம் முறையா வரும்போது பாக்க என்ன இருக்கும்? திரும்பிப் போய், செயின் வீலை மாத்திட்டு, வீட்டுலேருந்து கிளம்பி வந்து காட்டுறேன்!"

ஒடீலியா கண்ணை மூடவில்லை. கன்னம் மட்டும் நனைந்திருந்தது. வியர்வை என்று நினைத்துக்கொண்ட எலிசேயோ, கரையோரம் மீன் பொரித்துக்கொண்டிருந்த பெண்ணிடம் ஓடினார்.

"தாயி, இங்க சைக்கிள் கடை எங்க இருக்கு? அலுமினிய செயின் வீல் வேணும்."

அவள் அவரை விட்டுவிட்டு, பின்சீட்டைப் பார்த்து முகமெல்லாம் சிரித்தாள்.

"ஒடீலியா அக்காதானே? போன மாசம் போன்ல பேசினீங்களே, நீளச் சைக்கிள்ல வருவோம், கடலைப் பாத்த ரூம் வேணும், வீட்டுக்காரர் சண்டை போட்டாத்தான் வண்டியை எடுப்பார், அதனால தேதி மட்டும் சொல்ல முடியாதுன்னு? ரூம் தயாரா இருக்கு அக்கா, திரும்பிப் போறதுக்குச் சண்டை கைவசம் இருக்கா?"