ஜீரோ அண்ணனும் யாரும் தட்டாத அட்டையும்

சிங்கப்பூரிலேயே பூஜ்யத்தைப் பார்த்துக் கோபப்பட்ட ஒரே மனிதர் எங்கள் ஜீரோ அண்ணன்தான். வேறொருவர் இருந்தால் எனக்கு எழுதுங்கள், நான் நம்பப் போவதில்லை.

தஞ்சோங் பகாரில் ஓர் அரசாங்க அலுவலகத்தில் அவருக்கும் எனக்கும் பக்கத்துப் பக்கத்து மேசை. தீவெங்கும் இருந்து வந்து குவியும் தரவுகளைக் கலர் கலராகப் படமாக்கி மேலிடத்துக்கு அனுப்புவது எங்கள் பிழைப்பு. அட்டவணையில் எங்காவது ஜீரோ தென்பட்டால் போதும், அண்ணன் நாற்காலியோடு உருண்டு வந்துவிடுவார்.

"ஆளே இல்லையா, இல்ல இருக்கிற ஆள நாம பார்க்கலையா? எது தம்பி?"

எனக்கு எப்படித் தெரியும்? வீட்டுக்குப் போகிற அவசரத்தில் இருப்பேன்.

ஒருமுறை அலுவலகப் புகார்ப் பெட்டியில் பல மாதமாக ஒரு சீட்டும் விழவில்லை. ஊழியர்கள் எல்லாரும் ஆனந்தமாக இருப்பதாக அறிக்கை தயாரானது. அண்ணன் போய்த் தானே ஒரு புகார் எழுதிப் போட்டுப் பார்த்தார். சீட்டு உள்ளே போகவில்லை. பெயின்ட் அடித்தவர் பெட்டியின் வாயையும் சேர்த்து அடைத்திருந்தார்.

லிட்டில் இந்தியாவில் சாப்பிடப் போனாலும் இதே தொல்லை. வாசல் வரை வரிசை நிற்கும், நடுவில் ஒரு மேசை மட்டும் காலி. "ஏன் அங்க மட்டும் ஜீரோ?" என்று போய் உட்கார்ந்தார். மேலே ஏர்கான் தண்ணீர் சொட்டு சொட்டாக அவர் தலையில் விழுந்தது. "பார்த்தியா, காரணம் இருக்கு!" என்று பூரித்தார். அதற்குள் நெற்றியில் கறுப்பாக ஒரு கோடு இறங்கியது.

"வேர்வை லா," என்றார்.

கறுப்பு வேர்வையை அன்றுதான் பார்த்தேன். அவருக்கு ஐம்பது என்று அலுவலகமே நம்பிக்கொண்டிருந்தது. நான் டிஷ்யூவை நீட்டினேன்.

பிறகுதான் அந்தச் சாலைச் சந்திப்பு வந்தது. லிட்டில் இந்தியா சந்தைக்குப் பக்கத்தில், விளக்குக் கம்பத்தில் ஒரு கருவி. அறுபது தாண்டியவர்கள் அரசாங்கம் தந்த முதியோர் அட்டையை அதில் தட்டினால் பச்சை விளக்கு கூடுதல் நேரம் எரியும். அங்கே யாருமே தட்டவில்லை என்றது தரவு. கருவியைக் கழற்றி வடக்கே ஈசூன் பேட்டையில் மாட்டிவிடலாம் என்றார் டைரக்டர் மேடம்.

ஞாயிற்றுக்கிழமை காலையில் அண்ணன் என்னை அங்கே இழுத்துப்போனார். சந்தையில் பூக்கடை வைத்திருக்கும், முட்டிவலிக்காரரான அக்கா ஒருவர் இரண்டு கையிலும் பூப்பையோடு பாதிச் சாலையைத் தாண்டுவதற்குள் சிவப்பு விழுந்துவிட்டது. லாரி ஒன்று உறுமிக்கொண்டு நின்றது. அவர் கரை சேர்ந்ததும் அண்ணன் கேட்டார்.

"அக்கா, உங்ககிட்ட கார்டு இல்லையா?"

"இருக்கே."

"தட்டலாம்ல?"

அக்கா சுற்றுமுற்றும் பார்த்தார். "நல்லா இருக்கே! எதிர்க்கடைக்காரி பார்த்துக்கிட்டே இருக்கா. தட்டினா அறுபது தாண்டிருச்சுன்னு தெரிஞ்சிரும்லா. நாளைக்கே பாட்டின்னு கூப்பிடுவா!"

சிரிப்பார் என்று பார்த்தால், அண்ணன் முகம் சுருங்கிவிட்டது.

மறுநாள் மீட்டிங். நடந்தது ஆங்கிலத்தில், நான் தமிழில் சொல்கிறேன். அண்ணன் அக்கா விஷயத்தைச் சொன்னதும் மேடம் கேட்டார்: "ஒரு பூக்கடைக்காரம்மா சொன்னதை வைத்து முடிவெடுக்க முடியுமா? கையில் அட்டை இருந்தும், உயிர் போனாலும் தட்டாத ஆள் வேறு யாராவது உண்டா?"

புதிதாகச் சேர்ந்த இளம்பெண்கள் முன்வரிசையில் இருந்தார்கள். அண்ணன் அவர்களை ஒரு பார்வை பார்த்தார். மெதுவாகப் பர்ஸைத் திறந்து, ஒரு கீறல்கூட விழாத முதியோர் அட்டையை மேசை மேல் வைத்தார்.

"மேடம், எனக்கு அறுபத்து மூணு. வாராவாரம் அந்த ரோட்ட ஓடித்தான் கடக்கிறேன். ஒரு தடவைகூடத் தட்டினதில்ல."

வெளியே வந்ததும் கேட்டேன், "ஏண்ணே இப்படிப் போட்டு உடைச்சீங்க?"

"கையில இருந்த டேட்டா அது ஒண்ணுதான் லா," என்றார். கண் கலங்கியிருந்ததா என்று நான் பார்க்கவில்லை, பார்க்கத் தைரியம் வரவில்லை.

சில வாரங்களில் அங்கே பச்சை விளக்கு எல்லாருக்குமே நீண்டது. அட்டையும் வேண்டாம், வயதும் வேண்டாம். பூக்கடை அக்கா ராணி மாதிரி நடக்கிறார்.

அண்ணன் இப்போது ஓய்வில் இருக்கிறார். அந்தப் பக்கம் போனால் நானும் மெதுவாகத்தான் கடக்கிறேன். எனக்கு முட்டியில் ஒரு குறையும் இல்லை. அந்த மனிதர் மானத்தை விட்டு வாங்கிக் கொடுத்த நேரம், அதை மிச்சம் வைக்க மனசு வரவில்லை.